அகரனுக்கும் ஜெயப்ரியாவுக்கும் பிறந்த குதிரை

முதல் அடி குதிரைக்குத்தான் விழுந்தது. பட்டறைச் சுவரோரம் பலகைத் தட்டில் வரிசை கட்டி நின்ற பொம்மைக் குதிரைகளை மாணிக்கவேல் துடுப்பை ஓங்கி ஒரே வீச்சில் வாரி இறைத்தார். கால் முறிந்ததும் கழுத்து முறிந்ததுமாகச் சிமெண்டுத் தரையெங்கும் சிதறின. அடுத்த அடி குணசேகரனின் தோளில் இறங்கியது. அதற்கடுத்தது எங்கே பட்டதென்று அவனுக்கே தெரியாது. கண்ணைத் திறந்தபோது, தான் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த படகுக்கு அடியில் கிடந்தான். வாயெல்லாம் ரத்தமும் பைபர் தூசியுமாக இருந்தது.

மாணிக்கவேல் வேற்றாள் இல்லை. அவனுடைய அக்காள் அஞ்சுகத்தைக் கட்டியவர். வலையில் மீன் விழாவிட்டாலும் பெண்டாட்டியை அடிப்பார், நிறைய விழுந்தால் குடித்துவிட்டு வந்து அடிப்பார். ஆனால் மச்சினன் மேல் அதுவரை கை வைத்ததில்லை. மரியாதை ஒன்றும் கிடையாது. படகு உடைந்தால் ஒட்டுவதற்கு ஆள் வேண்டுமே, அந்தக் கரிசனம்தான்.

"எந்திரிடா. எந்திரிச்சுச் சொல்லுடா. எம் பொண்ணு எப்படா புள்ள பெத்தா?"

கைப்பேசியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினார். குணசேகரன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு படித்தான். 'தாய்: ஜெயப்ரியா. தகப்பன்: அகரன். பிறப்பு: தை மாதம், காரைக்கால்.' அவன் எழுதியதுதான். அவனே பெருமையாக ஊருக்குக் காட்டியதுதான்.

அப்போது அவன் ஒரு காரியம் செய்தான். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். சிரித்துவிட்டான். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை அடி என்று நிம்மதியில் வந்த சிரிப்பு அது.

"அத்தான், அது குதிரைதான். குதிரையோட அம்மா அப்பா பேரு..."

பெற்ற பெண்ணின் பேரைக் குதிரை என்று சொல்லிச் சிரித்தால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? மாணிக்கவேல் சும்மா இருக்கவில்லை. குணசேகரனின் முன்பல் ஒன்று போனது. அக்கம்பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து பிடித்து இழுக்காவிட்டால் ஆளே போயிருப்பான்.

கருக்களாச்சேரியைத் தாண்டினால் வரும் சின்ன மீனவக் குப்பம் அவர்களுடையது. குணசேகரன் அங்கே பைபர் படகு ஒட்டுகிறவன். கல்லில் மோதி வயிறு கிழிந்த படகுகளுக்கு ரெசின் பிசினும் கண்ணாடி நார்ப்பாயும் வைத்து ஒட்டுப் போடுவான். முப்பத்தைந்தை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. காரைக்காலில் ஒண்டிக்கட்டை ஆண்பிள்ளை பொழுதைப் போக்க எத்தனையோ வழியிருக்கிறது, அதுவும் பாட்டில் வடிவத்தில் தெருவுக்கு நாலு கடையிருக்கிறது. இந்த அரைக்கிறுக்கன் பிடித்துக்கொண்டது குதிரையை.

பிடிக்கவைத்தவள் காரைக்கால் டவுனில் இருக்கும் ஹஃப்ஸா. வங்கியில் வேலை பார்க்கிற பெண். பிரான்சில் குடியிருக்கும் அவளுடைய சித்தப்பா சின்ன வயதிலிருந்து அவளுக்கு அச்சு அசலாக இருக்கும் குதிரை பொம்மைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அதில் ஒன்று காலொடிந்து போக, பைபர் ஒட்டுகிறவன் யாரென்று விசாரித்து இவன் பட்டறைக்கு வந்தாள். இவன் ஒட்டிக் கொடுத்தான். ஒட்டின இடம் தெரியவில்லை. அவள் வாயைப் பிளந்தாள். அதில் இவனுக்கு ஏறிய போதை இறங்கவே இல்லை. பிறகு தானே களிமண்ணில் குதிரை செய்து, ரப்பரில் அச்செடுத்து, படகு வேலையில் மிச்சமாகும் ரெசினை அதில் ஊற்றிக் குதிரைகளை இறக்கினான். பிடரி மயிருக்கு வண்ணம் தீட்டினான். குளம்புக்குக்கூட வெடிப்பு வரைந்தான்.

ஹஃப்ஸாவுக்கு ஒரு கூட்டம் இருந்தது. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கும் பொம்மைக் குதிரைப் பைத்தியங்கள் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டோ அனுப்பிப் போட்டி நடத்துவார்கள். அந்தப் போட்டியில் ஒரு சட்டம் இருந்தது. குதிரைக்கு வம்சம் சொல்லவேண்டும். தாய் யார், தகப்பன் யார், முடிந்தால் பாட்டன் பாட்டி யார். எல்லாம் கற்பனைதான், ஆனாலும் கண்டபடி எழுத முடியாது. ஒரு பெண் குதிரைக்கு வருஷத்துக்கு ஒரு குட்டிதான். இன்னொருவருடைய குதிரையைத் தகப்பனாகப் போட்டுக்கொள்ள அதன் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கவேண்டும். அவர் தலையை ஆட்டினால்தான் பிறப்பு செல்லும்.

"வம்சம் இல்லாம அனுப்பினா முதல் சுத்துலயே ஒதுக்கிருவாங்க குணாண்ணே," என்றாள் ஹஃப்ஸா.

"பொய்யி எழுதச் சொல்றியா தங்கச்சி?"

"பொய்யி இல்லண்ணே, கற்பனை. எல்லாருக்கும் தெரிஞ்சு சொன்னா அது கற்பனை. ஏமாத்தறதுக்குச் சொன்னாத்தான் பொய்யி."

அந்த வித்தியாசம் குணசேகரனுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு நாள் யோசித்தான். ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள், குதிரைமூலத்தை எங்கே போய்த் தேடுவது? கடைசியில் தன் தொழிலிலேயே வழி கண்டான். எந்தப் படகுக்குக் கலக்கிய ரெசினில் மிச்சம் விழுந்ததோ அந்தப் படகுதான் குதிரைக்குப் பெற்றோர். இரண்டு படகின் மிச்சத்தைச் சேர்த்து ஊற்றினால் ஒன்று தாய், ஒன்று தகப்பன். அந்தப் படகின் நிறம்கூடக் குட்டியின் உடம்பில் எங்கேயாவது தெரியும். பிறப்பு விஷயத்தில் மனுஷன்கூட இவ்வளவு நாணயமாக இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அந்த ஊர்ப் படகுகளுக்குச் சாமி பேர் இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுப் பிள்ளையின் பேர் இருக்கும். மாணிக்கவேல் தன் ஒரே மகளின் பேரைப் படகுக்கு வைத்திருந்தார்: ஜெயப்ரியா. நீலப் படகு. அந்த மாதம் அதற்கு வயிற்றில் ஒட்டு. அடுத்து வந்தது அன்பழகனின் வெள்ளைப் படகு. அன்பழகன் தன் மூத்த மகன் பேரை அதற்கு வைத்திருந்தார்: அகரன். இரண்டு டப்பாவிலும் அடியில் கொஞ்சம் கொஞ்சம் நின்றது. குணசேகரன் சேர்த்து ஊற்றினான். வெள்ளை உடம்பில் நீலம் ஓடிய, முன்னங்காலைத் தூக்கி நிற்கிற ஒரு குதிரை இறங்கியது. அவன் கையால் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று இறங்கியதில்லை.

அனுமதி கேட்கும் சட்டம் நினைவுக்கு வந்தது. படகுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது என்று சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான்.

கேட்டிருக்கவேண்டும். மாணிக்கவேலுக்கும் அன்பழகனுக்கும் நடுவில் இருந்தது வெறும் மனஸ்தாபம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் நடுக்கடலில் வலை மேல் வலை போட்ட தகராறில் இரண்டு படகும் மோதி, நங்கூரக் கம்பியால் அடித்துக்கொண்டார்கள். மாணிக்கவேலின் தம்பிக்கு ஒரு கண் போனது. அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்கூட ஒரே குழாயில் பிடிப்பதில்லை. இந்தப் பகை குணசேகரனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவனுக்கு அது மனுஷர்களின் பகை. ரெசினுக்கு என்ன பகை?

குதிரை போட்டியில் முதலாவதாக வந்தது. ஹஃப்ஸா அழகான அட்டை ஒன்று தயாரித்து அனுப்பினாள். மேலே குதிரையின் படம், அதற்குக் கீழே 'கடல்ராசா' என்று குதிரையின் பேர், அதற்கும் கீழே வம்சம். குணசேகரன் தலைகால் புரியாமல் அதைத் தன் கைப்பேசியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தான். எவனோ ஒரு புண்ணியவான் மேலே இருந்த குதிரையையும் பேரையும் வெட்டிவிட்டு, அடியில் இருந்த இரண்டு வரியை மட்டும் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. ஜெயப்ரியா புதுச்சேரியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பொங்கலுக்குப் பரீட்சை என்று ஊருக்கு வரவில்லை. தை மாதம், பிறப்பு, தாய், தகப்பன். கணக்குப் போட ஊருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டுமா?

அதிலும் எழுதியவன் யார்? தாய்மாமன். காது குத்துக்கு மடியில் உட்காரவைத்தவன், சடங்குக்குச் சீர் கொண்டுவந்தவன். தாய்மாமன் வாயிலிருந்து வந்தால் அது தப்பாக இருக்காது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

பட்டறையில் குணசேகரனை அடித்த கை ஆறுவதற்குள் மாணிக்கவேல் கடற்கரைக்குப் போனார். அகரன் படகிலிருந்து ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். இருபத்துமூன்று வயதுப் பையன். அவனுக்கு இந்த அட்டை விஷயமே தெரியாது. எதிரே வந்தவரைப் பார்த்து ஒதுங்கி வழிவிடப் போனான். மாணிக்கவேல் மீன் அறுக்கிற கத்தியை வீசினார். கழுத்துக்கு வந்ததை அகரன் கையால் தடுத்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிய வெட்டு விழுந்தது. அன்பழகன் ஆட்கள் துடுப்பும் கட்டையுமாக ஓடிவந்தார்கள், மாணிக்கவேலின் பங்காளிகளும் வந்தார்கள். ஈர மணலில் உருண்டு புரண்டு அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு மண்டை பிளந்தது, ஒருவனுக்குக் காது அறுந்து தொங்கியது. மீன் வாங்க வந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது அகரனுக்குப் படகு என்ஜின் பட்டுவிட்டது என்று சொன்னார்கள். போலீசுக்குப் போனால் இரண்டு பக்கமும் உள்ளே போகவேண்டும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலமே புதுச்சேரிக்குக் கார் போயிற்று. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஜெயப்ரியாவை அழைத்துவந்தார்கள். வாசலில் இறங்கியதும் மாணிக்கவேல் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குமேல் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாய் ஊளையிட்டால் கல்லை எடுத்து விரட்டுகிற ஊர், ஒரு பெண்ணின் அலறலைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

மறுநாள் அஞ்சுகம் தம்பியைத் தேடி வந்தாள். உடைந்த வளையல் கிழித்த காயம் மணிக்கட்டில் காய்ந்திருந்தது.

"தம்பி, எங்கிட்டயாச்சும் உண்மையச் சொல்லு. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"அக்கா, நீயுமா? அது பொம்மக்கா. படகு பேரு. நம்ம பாப்பா பேரு இல்ல."

"பொம்மைக்கு எதுக்குடா ஆத்தாளும் அப்பனும்?"

அவன் விளக்கினான். போட்டி, சட்டம், ரெசின், கற்பனை எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் காதுக்கே அது கிறுக்குத்தனமாகப் பட்டது. அஞ்சுகம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அவரு அவளக் கொன்னுருவாரு. அவரு தங்கச்சிக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். ஊருக்கே தெரியும். மாணிக்கவேலின் தங்கை ஒருத்தி வேற்றூர்ப் பையனோடு பேசுகிறாள் என்று பேச்சு வந்த மாதமே கிணற்றில் தவறி விழுந்து செத்தாள். தவறி விழுந்தவளின் கழுத்தில் கயிற்றுத் தடம் இருந்ததைக் குளிப்பாட்டிய பெண்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மஞ்சளை அப்பி மறைத்தார்கள். குதிரை போனால் போகட்டும், பல் போனால் போகட்டும். பாப்பா என்று அவன் கூப்பிடும் ஜெயப்ரியா உயிரோடு புதுச்சேரிக்குத் திரும்பவேண்டும். அன்றிலிருந்து குணசேகரனுக்கு வேறு நினைப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலைக்கூடத்தில் ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் தெட்சிணாமூர்த்தி நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மாணிக்கவேல் ஆட்கள், ஒரு பக்கம் அன்பழகன் ஆட்கள். அகரன் கையில் கட்டோடு தூணில் சாய்ந்திருந்தான். ஜெயப்ரியாவைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார்கள். ஒரு கண் முழுக்க மூடி வீங்கியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. வலது கையை அசைக்காமல் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகும் அங்கே ஒருத்தருக்கும், யார் இவளை இப்படி அடித்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

குணசேகரன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் ஹஃப்ஸா வந்திருந்தாள். பயந்துகொண்டேதான் வந்தாள், ஆனால் வந்தாள். தன் கைப்பேசியில் முழு அட்டையையும் காட்டினாள். குதிரையையே பெட்டியில் கொண்டுவந்து தலைவர் முன்னால் எடுத்து வைத்தாள். பரிசு பெற்றதும் அதை அவளிடம்தான் கொடுத்துவைத்திருந்தான் குணசேகரன், அதனால் துடுப்புக்குத் தப்பியிருந்தது. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

தெட்சிணாமூர்த்தி குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இதுக்கு எதுக்கும்மா தாயி தகப்பன்?"

"வம்சம் இல்லன்னா போட்டியில சேத்துக்க மாட்டாங்க பெரியப்பா."

"பொம்மையா ஓடப் போவுது, வம்சம் பாக்கறதுக்கு?"

கூட்டம் சிரித்தது.

"எல்லாம் கற்பனைங்க. அந்தக் குழுவுல இருக்கற எல்லாருக்குமே அது கற்பனைன்னு தெரியும்."

"கற்பனைன்னா என்ன? இல்லாததச் சொல்றது. எங்க ஊர்ல அதுக்குப் பேரு பொய்யி. பொய்யின்னா எவனும் லாபமில்லாமச் சொல்ல மாட்டான். இதுல என்ன லாபம்? பரிசு என்ன குடுத்தாங்க?"

ஹஃப்ஸா தயங்கினாள். "ரிப்பன் படம் ஒண்ணு. போன்ல அனுப்புவாங்க."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ரிப்பனுக்காக, அதுவும் ரிப்பனின் படத்துக்காக, முப்பது தாண்டிய ஆண்பிள்ளை பொம்மைக் குதிரைக்குக் கல்யாணம் செய்துவைத்துப் பிள்ளை பெறவைக்கிறான் என்பதை அங்கே நம்புவதற்கு ஒரு ஆள் இல்லை. மாணிக்கவேலின் ஒற்றைக்கண் தம்பி எழுந்து நின்றான்.

"படகு ஊர்ல எத்தன இருக்கு? மாரியம்மன் இருக்கு, வேளாங்கண்ணி மாதா இருக்கு. அதெல்லாம் விட்டுட்டு இந்த ரெண்டு பேரும் எப்படிச் சேந்துச்சு? தாய்மாமன்காரன் காரணமில்லாமயா எழுதுவான்?"

"ரெண்டு டப்பாவுலயும் மிச்சம் இருந்துச்சு, அதான்..." என்றான் குணசேகரன். "வாய மூடுடா" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. நாலு வருஷத்தில் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார் ஒருவர். ஜெயப்ரியா அதைக் கேட்டுக் கூனிக் குறுகினாள். பேர் கெட்டது கெட்டதுதான், பேசாமல் அந்தப் பையனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்றார் இன்னொருவர். அன்பழகன் துள்ளி எழுந்தார்.

"அந்த வீட்ல பொண்ணு எடுக்கறதுக்குப் பதிலா எம் மவன நானே வெட்டிக் கடல்ல போட்ருவேன்."

மறுபடியும் கட்டைகள் தூக்கப்பட்டன. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து வந்து யாரோ ஒருவரின் நெற்றியைப் பிளந்தது. தெட்சிணாமூர்த்தி கத்திக் கத்திக் கூட்டத்தை உட்காரவைத்தார். அந்த அமளியிலும் மாணிக்கவேல் மட்டும் எழுந்திருக்கவில்லை. கூச்சல் அடங்கிய பிறகு மெதுவாகப் பேசினார்.

"யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். என் பொண்ண நான் பாத்துக்கறேன். நாளைக்குக் காலையில இந்தப் பேச்சே இருக்காது."

அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவராவது கூடாது என்று சொல்லுவாரா என்று குணசேகரன் முகம் முகமாகப் பார்த்தான். தலைவர் வேட்டி நுனியைத் தடவிக்கொண்டிருந்தார். அஞ்சுகம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெயப்ரியா தகப்பனைப் பார்க்கவில்லை, மாமனைத்தான் பார்த்தாள்.

உண்மை இவர்களுக்கு வேண்டாம். காரணம்தான் வேண்டும். தங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கேடுகெட்ட காரணம் கிடைத்தால் விட்டுவிடுவார்கள். குணசேகரன் எழுந்து கூடத்தின் நடுவில் வந்து நின்றான்.

"நான்தான் பண்ணினேன். வேணும்னேதான் எழுதினேன்."

"என்ன வேணும்னே?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"பாப்பாவ..." கட்டிக்கொள்ள நினைக்கிறவன் அப்படிக் கூப்பிடமாட்டான். மாற்றிக்கொண்டான். "ஜெயப்ரியாவ நான் கட்டிக்கணும்னு நெனச்சேன். அக்கா பொண்ணு, எனக்கு உரிமை இருக்கு. படிச்ச பொண்ண எனக்குக் குடுக்க மாட்டாங்கன்னு தெரியும். பேரு கெட்டுப்போனா வேற எவனும் வரமாட்டான், கடைசியில எங்கிட்டதான் தள்ளி விடுவாங்கன்னு எழுதினேன். அவளுக்கும் அந்தப் பையனுக்கும் ஒண்ணும் கிடையாது. அவ மூஞ்சிய அவன் சரியாப் பாத்ததுகூட இல்ல. அட்டைய வெட்டி ஊருக்கு அனுப்பினதும் நான்தான்."

உண்மையைச் சொல்ல ஹஃப்ஸா வேண்டியிருந்தது, அட்டை வேண்டியிருந்தது, குதிரையே நேரில் வந்து சாட்சி சொல்லவேண்டியிருந்தது. அப்படியும் செல்லவில்லை. இந்தப் பொய்க்கு ஒரு சாட்சியும் யாரும் கேட்கவில்லை. "அதானே பாத்தேன்" என்றார் தலைவர். "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார்கள் பின்வரிசையில். கல்யாணமாகாத தாய்மாமன், தளதளவென்று வளர்ந்த அக்காள் மகள். ஊருக்கு அது அத்தனை சுலபமாகப் புரிந்தது. ஹஃப்ஸா மட்டும் "ஐயோ, குணாண்ணே, ஏன் இப்படி..." என்று முன்னால் வந்தாள். குணசேகரன் அவளைப் பார்த்துக் கத்தினான்.

"நீ போ இங்கேருந்து. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவள் குதிரையை எடுத்துக்கொள்ளாமலே வெளியே போய்விட்டாள்.

பிறகு இரண்டு கட்சியும் சேர்ந்தே அடித்தன. நாலு வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு உதைத்தார்கள். அகரன் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, செய்யாத தப்புக்கு வெட்டு வாங்கியவன். ஒற்றைக்கண் தம்பி குணசேகரனின் வலது கையைத் தரையில் வைத்து நங்கூரக் கம்பியால் குத்தினான். விரல் எலும்புகள் நொறுங்கிய சத்தம் கேட்டது. தலைவர் முன்னாலிருந்த குதிரை யாருடைய காலிலோ பட்டு உடைந்தது.

குணசேகரன் அலறினான். ஆனால் அலறலுக்கு நடுவிலும் அவன் கண் மாணிக்கவேலைத் தேடியது. அவர் அடிக்க வரவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்த கொலை இறங்கியிருந்தது. பிழைத்தாள் என்று குணசேகரன் நினைத்தான். ரத்தம் வழிகிற வாயோடு அவனுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது.

தீர்ப்பு சீக்கிரம் வந்தது. பட்டறையைக் கொளுத்தவேண்டியது. ஆளை ஊரைவிட்டு விலக்கவேண்டியது. அதற்கு முன்னால், பேர் கெட்ட பெண் தன் கையாலேயே அவனைச் செருப்பால் மூன்று அடி அடித்துத் தன் பேரைச் சுத்தப்படுத்திக்கொள்ளவேண்டியது. அந்த ஊரில் பழி துடைக்கிற வழக்கம் அதுதான்.

அவனை முட்டிபோட வைத்தார்கள். ஜெயப்ரியாவின் இடது கையில் யாரோ ஒரு செருப்பைத் திணித்தார்கள். அவள் எதிரே வந்து நின்றாள். குணசேகரன் நிமிர்ந்து பார்த்தான். பாப்பா, நான் சொன்னது பொய்யி, உனக்குத் தெரியுமில்ல, என்று சொல்லத் துடித்தான். உதட்டை அசைத்தால் போதும், பக்கத்தில் நிற்கும் மாணிக்கவேல் கண்டுகொள்வார். கண்ணைச் சிமிட்டினால்கூடப் போதும். அதனால் கல்லாக முகத்தை வைத்துக்கொண்டான்.

முதல் அடி கன்னத்தில் பட்டும் படாமலும் விழுந்தது.

"என்ன, தடவிக் குடுக்கறியா?" என்று யாரோ கேட்டார்கள். மாணிக்கவேல் ஓர் எட்டு முன்னால் வந்தார்.

ஜெயப்ரியா செருப்பை மாற்றிப் பிடித்தாள். இரண்டாவது அடி பல் போன இடத்தில் விழுந்தது. மூன்றாவது காதில் விழுந்தது. அதோடு முடிந்தது என்று தலைவர் கையைத் தூக்கினார். அவள் நிறுத்தவில்லை. முகத்திலும் தலையிலும் கழுத்திலும் மாறி மாறி அடித்தாள். அசைக்க முடியாத வலது கையையும் தூக்கி அடித்தாள். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவளே அலறினாள். குணசேகரன் தடுக்கவில்லை. அவளுடைய திறந்திருந்த ஒற்றைக் கண்ணில், தான் சொன்னதை அவள் நம்பிவிட்டாளா இல்லையா என்று தேடிக்கொண்டே இருந்தான். அதில் தண்ணீர் மட்டும்தான் வழிந்தது.

நாலு பெண்கள் சேர்ந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள். "பாத்தீங்களா, பொண்ணு மேல தப்பில்ல" என்றார் தெட்சிணாமூர்த்தி. ஆமாம் என்று கூட்டம் தலையாட்டியது. மாணிக்கவேல் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலேசுக்குக் கிளம்பட்டும்" என்று பொதுவாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் குணசேகரன் இத்தனையையும் வாங்கிக்கொண்டான்.

அஞ்சுகம் மகளைத் தோளோடு அணைத்து நடத்திக்கொண்டு போனாள். அவனைக் கடக்கும் இடத்தில் ஜெயப்ரியா நின்றாள். மாமா என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று அவன் காத்திருந்தான். மெதுவாகச் சொன்னால்கூடப் போதும் என்றிருந்தது அவனுக்கு.

அவள் அம்மாவின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அம்மா, இந்த ஆளு நமக்கு யாரும்மா?"

அஞ்சுகம் தம்பியைப் பார்த்தாள். உடைந்த அவன் கையைப் பார்த்தாள். பிறகு புருஷன் நிற்கும் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு மகளின் தோளை அழுத்தினாள்.

"யாருமில்லடி. நட."

இரண்டு பேரும் வலைக்கூடத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.